வெங்காயத்தை விரட்டியவன்

மருதங்கோட்டையை ஆண்ட வீரபூபதி ராசாவுக்கு நல்ல மனசு. கெட்டதெல்லாம் அவசரம் ஒன்றுதான். அந்த வருசம் ஐப்பசி மழை அடித்த அடியில் வயலிலேயே சின்ன வெங்காயம் அழுகிப்போனது. சந்தையில் விலை இரண்டு மடங்கானது. செய்தி காதில் விழுந்ததும் ராசா துடித்துப்போனார்.

"என் குடிகள் வெங்காயம் இல்லாமல் குழம்பு வைப்பதா?"

பக்கத்தில் நின்ற தளவாய் திருமேனிக்கு இது போதும். "ஒரு வார்த்தை சொல்லுங்கள் மன்னா. நாளைக்கே விலை இறங்கும்" என்றார்.

மறுநாள் காலையில் யானைமேல் பெரிய முரசை ஏற்றித் தெருத்தெருவாக அடித்தார்கள். இனி வெங்காயம் பாதி விலைதான். ஒரு காசு கூடுதலாக விற்றாலும் கசையடி.

சனங்கள் சந்தோசமாகச் சந்தைக்கு ஓடினார்கள். முதலில் போனவர்கள் சாக்குச் சாக்காக அள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னால் போனவர்களுக்குச் சருகுதான் கிடைத்தது. அடுத்த சந்தையில் அந்தச் சருகும் இல்லை.

அரண்மனைச் சாம்பாரிலும் வெங்காயம் மறைந்தது. ராசா இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"யாரோ பதுக்குகிறார்கள்!" என்றார் தளவாய். வீரர்கள் நாலு பக்கமும் பாய்ந்தார்கள். வேலாத்தாள் என்ற வெங்காய வியாபாரியின் வீட்டுப் பரணில் இரண்டு மூட்டை அகப்பட்டது. அவளைச் சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"அது வெதை வெங்காயமுங்க சாமி. அதை வித்துப்போட்டா அடுத்த போகத்துக்கு எதை நடறது?" என்று அழுதாள் அவள்.

"நடிக்கிறாள்! கசையை எடுங்கள்!" என்றார் தளவாய்.

சபையின் ஓரத்தில் விகடகவி அம்பலத்தாடி உட்கார்ந்திருந்தான். சபையைச் சிரிக்க வைப்பது அவன் தொழில். அன்றைக்கு அவனுக்கே சிரிப்பு வரவில்லை. எழுந்தான்.

"மன்னா, இரண்டு மூட்டையா நாட்டிலுள்ள வெங்காயம் முழுவதும்? மற்றதை விரட்டியவன் வேறொருவன். நாளைக் காலையில் அவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். இந்த அம்மாவை அதுவரை தொடாதீர்கள்."

ராசாவுக்குப் பசிக் கோபம். "கொண்டு வா! அவன் எவனாக இருந்தாலும் சரி, என் சொந்தக்காரனாக இருந்தாலும் சரி, தோலை உரித்துவிடுகிறேன்! இது என் வாக்கு!"

அம்பலத்தாடி நேராக எல்லைச் சாவடிக்குக் குதிரையை விட்டான். மேட்டு நாட்டிலிருந்து வந்த வெங்காய வண்டிகள் அங்கே வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

"ஏன் அய்யா திரும்புகிறீர்கள்?"

"உங்க ஊரு விலை வண்டி வாடகைக்கே காணாதுங்க. விலை ஏறிப்போச்சுன்னு கேட்டுத்தான் இத்தனை தூரம் ஓட்டியாந்தோம். இப்படின்னு தெரிஞ்சா மாட்டைப் பூட்டியே இருக்க மாட்டோம்" என்றார் முன்வண்டிக்காரர்.

மறுநாள் சபை நிரம்பி வழிந்தது. துணி போர்த்திய உருண்டையான ஏதோ ஒன்றை நாலு பேர் தூக்க முடியாமல் தூக்கி வந்து வைத்தார்கள்.

"யார் இந்தக் குண்டன்?" என்றார் ராசா.

"பொல்லாதவன் மன்னா. இரண்டு முகம் உள்ளவன். உள்ளே ஒன்றுமே கிடையாது. அடித்தால்தான் பேசுவான். யார் அடித்தாலும் அவர்களுக்காகப் பேசுவான். இவன் வாயைத் திறந்த அன்றைக்கே சந்தையில் இருந்த வெங்காயமெல்லாம் ஓடி ஒளிந்தது. எல்லை வரை வந்த வண்டிகளையும் இவன்தான் திருப்பி அனுப்பினான்."

தளவாய் துள்ளினார். "அப்படிப்பட்டவனை விடவே கூடாது! இப்போதே தோலை உரிக்க வேண்டும் மன்னா!"

"தளவாயே சொல்லிவிட்டார்" என்று அம்பலத்தாடி துணியை உருவினான்.

அரண்மனை முரசு!

ராசாவின் முகம் சிவந்தது.

"அப்படியானால் ஆணையிட்ட நான்தான் குற்றவாளி என்கிறாயா?"

"உங்கள் மனசில் குற்றமில்லை மன்னா. விலை ஏறியபோது சனங்கள் நாலு போடும் இடத்தில் இரண்டு போட்டுக் குழம்பு வைத்தார்கள். எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று அவரவர் அடுப்புக்கு அவரவருக்குத் தெரியும். ஏறிய விலையைக் கேட்டு வெளியூர் வண்டிகளும் கிளம்பின. நடுவில் இவன் கத்தினான், எல்லாம் நின்றுபோனது."

"ஏழைகள் என்ன செய்வார்கள்? அதைச் சொல்!"

"அவர்களுக்குக் கொடுக்க ஆசைப்பட்டால் உங்கள் களஞ்சியத்திலிருந்து கொடுங்கள் மன்னா. வேலாத்தாள் பரணிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள்."

ராசா சபையில் நின்ற வேலாத்தாள் பக்கம் திரும்பினார்.

"சரி. ஆணை ரத்து. முரசறைந்து சொல்லுங்கள்."

"அது முடியாதே மன்னா" என்றான் அம்பலத்தாடி. "தோலை உரிப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டீர்களே!"

ராசா சிம்மாசனத்தில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். வேலாத்தாளின் மூட்டைகள் வீடு திரும்பின. முரசின் தோலும் உரிந்தது.

சேதி பரவியதும் வெங்காயம் முன்னைவிட ஏற்றமாக விற்றது. அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து இல்லாதவர்களுக்குத் தானியம் போனது. தளவாய் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு, "பார்த்தீர்களா, ஆணை போனதும் விலை ஏறியதை?" என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். அப்புறம் மேட்டு நாட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. விலை தானாகப் படியிறங்கியது.

ஒரு சந்தை நாளில் ராசா அம்பலத்தாடியோடு வேலாத்தாள் கடைக்கே போய் நின்றார். வெங்காயத்தைக் கையில் உருட்டிப் பார்த்து, "கொஞ்சம் குறைத்துக் கொடேன்" என்றார்.

அவள் கும்பிட்டாள். "கேக்கறது ராசாவுங்களா, வாங்க வந்தவருங்களா?"

"வாங்க வந்தவன்தான் அம்மா."

"அப்படின்னா கட்டுபடி ஆகாதுங்க சாமி. அடுத்த கடை பாருங்க."

ராசா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்கு நடந்தார். அங்கே முக்காடு போட்டுக்கொண்டு ஒருவர் ஏற்கெனவே தொண்டை வறளப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால், தளவாய்!