தத்துன காரும் நாப்பது பவுண்டு காத்தும்

தெய்வசிகாமணி முதலாளி இருக்காரே, அவரு ஒரு பழைய காரை வாங்கி, கூரையை அறுத்து, கதவைக் கழட்டி, பின்சீட்டையும் பிடுங்கி எறிஞ்சுட்டு, பந்தயக் கார்னு ரோட்டுல விட்டாரு. அது எங்க ஓடுச்சு? தவளையாட்டம் தத்துச்சு.

பாலத்து ஏத்தம் தொடங்குற எடத்துல மயிலாத்தாளோட பஞ்சர் கடை. இடம் முதலாளியோடது. அந்தத் தெம்புல வந்து ஹாரன் அடிச்சாரு.

"ஏம்புள்ள, வண்டி தத்தக் கூடாது."

"டயர்ல காத்து சாஸ்திங்க. கொஞ்சம் எறக்கிட்டா அடங்கிக்கும்."

"நாப்பது பவுண்டு! வாங்குனப்பவே அவ்வளவுதான். ஒரு சொட்டு காத்து எறக்குனாலும் கடையைக் காலி பண்ணு. வண்டி தத்துனாலும் காலி பண்ணு!"

வண்டிக்குப் பின்னாலயே ஓடி வந்த நாலு ஜால்ராவும் தலையாட்டுச்சு. நாலும் நெல்லு மூட்டையாட்டம் ஆளுங்க. மயிலாத்தா ஏற எறங்கப் பாத்தா.

"காத்துல கை வைக்கலீங்க. இவங்க பின்னால ஏறி உக்காரட்டும்."

ஏறுனாங்க. வண்டி புதுப்பொண்ணாட்டம் பதவிசாப் போச்சு. முதலாளி மீசையை முறுக்குனாரு. பாதிப் பாலம் ஏறுறதுக்குள்ள எஞ்சின் முக்குச்சு, மொனகுச்சு, நின்னுபோச்சு. அப்படியே பின்னால உருண்டு மயிலாத்தா கடைக்கே வந்துருச்சு. பால்காரன் சைக்கிள்ல மணியடிச்சுட்டுத் தாண்டிப் போனான்.

"என்ன புள்ள இது கூத்து?"

"நாப்பதுங்கறது கூரை, கதவு, குடும்பம் எல்லாம் சொமந்த வண்டிக்குங்க. பாரத்தைக் கழட்டுனீங்க, காத்தைக் கழட்டலியே! நாப்பதுதான் வேணும்னா பந்தயத்துக்கும் இவங்களைக் கூட்டிட்டுப் போங்க."

ரோட்டுல நின்ன சனமெல்லாம் சிரிச்சுது. முதலாளி மூஞ்சி செவந்துபோச்சு.

"சரி, எறக்கித் தொலை!"

"எதைங்க? காத்தையா, ஆளுங்களையா?"

"ரெண்டையுந்தான்! கடை அங்கயே கெடக்கட்டும்."