ஏழாவது பெட்டி

மணல்மேடுகளும் பனையுமாகக் கிடக்கும் தேரிக்காட்டில் தடம் பார்க்கிறவள் ஒருத்தி இருந்தாள். பெயர் சுயம்புக்கனி. செம்மணலில் பதிந்த காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். ஆடு காணாமல் போனாலும் ஆள் காணாமல் போனாலும் போலீஸ் ஜீப் முதலில் அவள் வாசலில்தான் வந்து நிற்கும்.

ஊரில் அவளுக்கு மரியாதை உண்டு. ஆனால் யாரும் பிள்ளைகளை அவள் வீட்டுப் பக்கம் விளையாட விடுவதில்லை.

அவளிடம் பாடம் கேட்க ஒருவர் மதுரையிலிருந்து வந்தார். பெயர் நல்லசிவம். ஐம்பத்திரண்டு வயது, குருவைவிட ஏழு வயது மூத்த சிஷ்யர். கல்லூரியில் குற்றவியல் பேராசிரியர். மூளை, வளர்ப்பு, வறுமை, சகவாசம் என்று குற்றத்துக்கான காரணங்களை மணிக்கணக்கில் பேசுவார். கேட்காவிட்டாலும் பேசுவார்.

"எதுக்கு வந்திய?" என்று கேட்டாள் சுயம்புக்கனி.

"ஒரு கேள்வி இருக்கும்மா. மனுஷன் எந்த இடத்துல குற்றவாளி ஆகிறான்? பன்னிரண்டு வருஷமா படிக்கிறேன். பிடிபடலை."

சொன்னது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி அவர் தோள்பையில், புத்தகங்களுக்கு அடியில், துண்டில் சுற்றிய கத்தியாக இருந்தது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய தம்பி சிதம்பரத்தைப் பேருந்து நிலையத்தில் ஒருவன் குத்திக் கொன்றான். பைக் உரசியதில் வந்த வாய்ச்சண்டை, அவ்வளவுதான். அதுவரை நல்லசிவம் வரலாற்று ஆசிரியர். அவன் ஏன் செய்தான் என்று தெரிந்துகொள்வதற்காகவே நாற்பது வயதில் மறுபடி மாணவராகிக் குற்றவியல் படித்தார். எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. போன மாதம் கொலைகாரன் பால்துரை விடுதலையாகிச் சொந்த ஊருக்கு வந்துவிட்டான். அந்த ஊர் இதுதான். தேரி ஓரத்தில் தனிக் குடிசை.

சுயம்புக்கனி வேறெதுவும் கேட்கவில்லை.

"தாழ்வாரத்துல படுத்துக்கிடுங்க. மூலையில ஒரு கறுத்த பெட்டி கெடக்கும். அதை மட்டும் தொடாதிய."

தொடாதே என்றால் என்ன அர்த்தம் என்பதை அவளே சொன்னாள். அந்தப் பக்கத்தில் களவு போன வீட்டில் முதலில் கூச்சல் போடமாட்டார்கள். வந்தவன் தடத்தைத் தேடிப் பிடித்து, காற்று அழித்துவிடாமல் ஓர் ஓலைப்பெட்டியைக் கவிழ்த்து மூடுவார்கள். தடம் பார்க்கிறவள் வந்து சொல்லும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் உள்ளே இருக்கும் தடம் தொட்டவன் காலோடு ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு பயம்.

"உங்க வீட்லயும் களவு போச்சா?"

"அது முடிஞ்ச விசயம் சார். தூங்குங்க."

விடியற்காலையில் ஓலை தரையில் உரசும் சத்தம் கேட்டு அவருக்கு விழிப்பு வந்தது. அவள் மூலையில் அந்தக் கறுத்த பெட்டியைத் தூக்கிவிட்டு, அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். பிறகு மறுபடி மூடினாள். குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

நல்லசிவம் எழுந்தார். பையை வலது தோளில் மாட்டினார். செருப்பைப் போடவில்லை. செருப்பின் அடிப்பாகம் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்று வருடா வருடம் வகுப்பில் பாடம் நடத்துகிறவர் அவர். வெறுங்காலோடு பால்துரையின் குடிசையை நோக்கி நடந்தார். குடிசைக்குப் பத்தடி முன்னால் ஒரு பனைமரத்தடியில் நின்றார். உள்ளே யாரோ இருமினார்கள். வெகுநேரம் நின்றார். இன்றைக்கு இல்லை, இடத்தைத்தான் பார்த்தாயிற்றே என்று சொல்லிக்கொண்டு, சுற்றி வேறு வழியாகத் திரும்பிவிட்டார்.

அன்று பகலில் தேரியில் ஏழு ஓலைப்பெட்டிகள் கவிழ்ந்து கிடந்தன. ஊர்க்காரர்கள் அவற்றை விட்டு விலகி நடந்தார்கள்.

"என்ன களவு போச்சும்மா?"

"இன்னும் ஒண்ணும் போகல சார்."

அவர் போன வழியிலேயே பெட்டிகள் கிடந்தன. ஆனால் ஏழாவது பெட்டி குடிசை வாசலை ஒட்டிக் கிடந்தது. அவ்வளவு தூரம் நான் போகவே இல்லையே, இது வேறு யாரோ என்று முடிவுகட்டினார். தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்ளப் பேராசிரியர்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

நான்கு நாள் பாடம் நடந்தது.

"தடத்தைப் பாக்காதிய. மிதிங்க" என்றாள்.

மிதித்தார். முன்பாதம் அகன்ற தடம் பனையேறியுடையது. குதிகாலில் கனம் இறங்கிய தடம் பிள்ளைத்தாய்ச்சியுடையது. இதையெல்லாம் அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் ஒரு தடத்தில் காலை வைத்ததும் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"யாரோட தடம் இது?"

"நேத்து மகனை மண்ணுக்குத் தூக்கிக் குடுத்தவ."

அதற்குப் பிறகு அவர் நோட்டைத் திறக்கவில்லை. காலையில் ஓலை உரசும் சத்தம் மட்டும் தினமும் கேட்டது. பையும் தினமும் தோளில் இருந்தது.

ஐந்தாம் நாள் உச்சிவெயில். மாசி மாதம், காற்று செத்துக் கிடந்தது. ஊர்ச்சனம் வீட்டுக்குள் அடைந்துவிட்டது. பனைமரங்களுக்கு நிழலே இல்லை. ஒரு காக்காய்கூட இல்லை.

"வாங்க சார். பெட்டி தூக்குவோம். நீங்களே தூக்குங்க."

"தொட்டா ஒட்டிக்கும்னு சொன்னீங்க?"

"ஒங்களுக்கு ஒட்டாது."

முதல் பெட்டியைத் தூக்கினார். சுற்றிலும் மணல் கொதித்தது, நிற்க முடியவில்லை. தடத்துக்குள் காலை வைத்தார். கிணற்றுக்குள் வைத்தது போல் ஜில்லென்று இருந்தது.

"சொல்லுங்க."

"ஆண். ஐம்பது வயசு இருக்கும். செருப்புப் போட்டே பழகின கால். மணல்ல நடக்கத் தெரியலை."

இரண்டாவது பெட்டி.

"வலது பக்கம் ஆழம். அந்தத் தோள்ல ஏதோ கனமா தொங்குது."

மூன்றாவது.

"அவசரமில்லை. எங்க போகணும்னு தெரிஞ்சு போறான். அவனுக்கு..." நல்லசிவம் நிறுத்தினார். "அவனுக்கு நாக்கு வறண்டிருக்கு."

"எப்படித் தெரியும்?"

"எனக்கு வறளுது."

நான்காவது பெட்டியைத் தூக்கினார். தடம் வெகு தெளிவாக இருந்தது. வலது காலின் சுண்டுவிரல் மட்டும் மண்ணில் பதியவில்லை. சின்ன வயதில் ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் ஏறியதில் நல்லசிவத்தின் வலது சுண்டுவிரல் தூக்கிக்கொண்டே நின்றுவிட்டது. அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு தடத்தைப் பார்த்தார். அவருக்குப் பயமாக இருந்தது. அவ்வளவு பயம் அவர் வாழ்க்கையில் பட்டதில்லை.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"அன்னைக்குக் கிணத்துல இருந்து திரும்பி வரையிலயே. செருப்போட போயிருந்தா எனக்கும் தெரியாது சார். ஒரே செருப்ப கடையில ஆயிரம் பேருக்கு விக்கான். காலு ஒருத்தருக்கு ஒண்ணுதான். மேல தூக்குங்க."

"போதும்மா."

"மூணு பெட்டிதான் மிச்சம்."

ஐந்தாவதில் கால் தானாகப் போய் உட்கார்ந்தது. ஆறாவது, பனைமரத்தடியில். இரண்டு குதிகாலும் சேர்ந்து குழியாக இறங்கியிருந்தன.

"இங்கன ரொம்ப நேரம் நின்னிருக்கிய."

"ஆமா."

"என்ன யோசிச்சிய?"

"ஒண்ணும் யோசிக்கலை. அதான்மா பயமா இருக்கு. கோபம்கூட இல்லை. உள்ள இருந்து இருமல் வந்துச்சு. இவ்வளவுதானான்னு தோணுச்சு. கதவைத் திறந்தா முடிஞ்சிரும்னு தோணுச்சு. அவனுக்கும் அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல இப்படித்தான் இருந்திருக்குமோ?"

சுயம்புக்கனி ஏழாவது பெட்டியைக் கையால் காட்டினாள்.

அது குடிசையின் வாசற்படிக்கு ஒரு முழம் இப்பால் கிடந்தது. கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. நல்லசிவம் அதன் முன்னால் உட்கார்ந்து, இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கினார்.

உள்ளே மணல் வழித்துவிட்டது போல் இருந்தது. எறும்பு ஊர்ந்த கோடுகூட இல்லை.

"இதுல ஒண்ணும் இல்லையேம்மா."

"இல்ல."

"அப்புறம் எதுக்கு மூடினீங்க?"

"மனுசன் எந்த இடத்துல குற்றவாளி ஆகுதான்னு கேட்டியல்லா? பன்னெண்டு வருசமா தேடுதேன்னு சொன்னிய. அந்த இடம் இதுதான்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. இருமல் வந்தது. பிறகு ஒரு குரல் கேட்டது.

"யாரு வெளிய?"

நீதிமன்றத்தில் கேட்ட குரல்தான். நடுவில் பன்னிரண்டு வருடம் போய், கிழடு தட்டியிருந்தது. நல்லசிவத்தின் கை பைக்குள் போயிருந்தது. எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. துண்டு விலகி, கத்திப்பிடி விரலில் பட்டது. வழித்த மணல் அவர் காலுக்கு முன்னால் ஓர் அடி தூரத்தில் இருந்தது. உள்ளங்கால் அந்தக் குளிர்ச்சியைத் தேடுவதை அவர் உணர்ந்தார். இங்கே இப்படிக் கொதிக்கிறதே, அங்கே ஜில்லென்று இருக்குமே என்று கால் கெஞ்சியது.

சுயம்புக்கனி அவரைத் தடுக்கவில்லை. கையைப் பிடிக்கவில்லை. பனைமரத்தில் சாய்ந்து நின்று அவர் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு அங்கன? பேச மாட்டியளோ?" உள்ளே இருந்தவன் குரலில் நடுக்கம் இருந்தது. அவனுக்கும் யாரோ ஒருநாள் வருவார்கள் என்று தெரிந்திருக்கும்.

வெகுநேரம் கழித்து நல்லசிவம் பேசினார்.

"யாரும் இல்லை."

கையை வெளியே எடுத்தார். பெட்டியை எடுத்து அந்த வெற்று மணலின் மேல் கவிழ்த்தார். விளிம்பில் மண்ணை அணைத்து, தூங்கும் பிள்ளையைப் போர்த்துவது போல் மெல்ல அமுக்கினார். பிறகு எழுந்து அவள் பின்னால் நடந்தார். அப்போதுதான் உள்ளங்கால் கொப்பளித்திருப்பது தெரிந்தது.

வீடு வந்தது. தாழ்வாரத்து மூலையில் கறுத்த பெட்டி கிடந்தது. அவர் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

"நீங்க தடத்தைப் படிக்க யார்கிட்டம்மா கத்துக்கிட்டீங்க?"

"யார்ட்டயும் இல்ல. நான் ஜெயில்ல இருந்த பத்து வருசமும் எங்கம்மா இந்தப் பெட்டிக்குள்ள ஒரு சொட்டு மழை படவிடல. வந்தப்புறம் இதுலதான் படிச்சேன்."

அவர் மெதுவாகக் கேட்டார்.

"இதுவும் காலிப் பெட்டியாம்மா?"

சுயம்புக்கனி குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அவர் காலில் ஊற்றினாள்.

"இதுல அன்னைக்கு நான் தாண்டி வச்ச தடம் இருக்கு சார். நாள் தவறாம காலையில ஒருதரம் காலை வச்சுப் பாக்கேன். இன்னும் அளவு மாறல."