இலைக்கு மேல் ஒரு கை

எறும்பு வரிசையாகப் போனால் நம் கண்ணுக்கு எறும்பு தெரியும். தவசிலிங்கத்தின் கண்ணுக்கு, எங்கேயோ சர்க்கரை சிந்தியிருக்கிறது, சிந்தியவன் வாயைத் திறக்கவில்லை என்பது தெரியும். பட்டாளத்தில் இருந்தவரை அந்தக் கண்ணுக்கு நல்ல பெயர். ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, ஆற்றங்கரை மடத்துக்கு வந்து இளையசாமியிடம் சீடராகச் சேர்ந்தார். சாமி அவரைவிட வயதில் சின்னவர். காலில் விழ முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. சந்தேகப்படும் பழக்கம் மட்டும் விட்டுப்போகவில்லை.

மடத்துக்கென்று ஒரு பள்ளிக்கூடம் உண்டு. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். வந்த புதிதில், எச்சில் இலைத் தொட்டியில் சோறு கிடப்பதைப் பார்த்துத் தவசிலிங்கத்துக்கு வயிறெரிந்தது. பந்திக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். சின்னப் பிள்ளையானாலும் பெரிய பிள்ளையானாலும் ஒரே அளவு. அது பட்டாளத்தில் அவர் தின்ற அளவு. இலையில் பருக்கை மிஞ்சக் கூடாது. பரிமாறும்போது இலைக்கு மேல் கையை நீட்டி மறிக்கக் கூடாது, அது அன்னத்தை அவமதிப்பது. இதையெல்லாம் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதியும் வைத்தார். தொட்டி சுத்தமாகிவிட்டது. அதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அடுத்த வருஷம் பள்ளி திறந்ததும் ஊரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து பிள்ளைகளைப் பார்த்தார்.

"பாதிப் பிள்ளைங்க வயசுக்கு மீறின எடை. இப்பவே கவனிக்கலைன்னா பின்னால சர்க்கரை, மூட்டுவலின்னு கஷ்டப்படுவாங்க. பள்ளிக்கூடத்துலயே இதைத் தடுக்கலாம், மனசு வைக்கணும்."

சாமி தவசிலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்துக்குங்க."

பார்த்துக்கொண்டார். விடிந்ததும் ஆற்றங்கரையோடு ஓட்டம். சாயங்காலம் சடுகுடு. ரவை உப்புமா கோதுமை உப்புமா ஆனது. வடையும் அப்பளமும் ஒழிந்தன. வாசலில் மிட்டாய் விற்றவள் வேறு தெரு பார்த்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் கொண்டுவந்த முறுக்கு வாசலோடு திரும்பியது. மாதம் பிறந்தால் எல்லாரையும் நிறுத்தி எடை பார்த்தார்.

எடை குறையவில்லை, கூடியது.

யாரோ திருட்டுத்தனமாகத் தீனி கொடுக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். சமையல்காரர் வீட்டுக்குக் கிளம்பும்போது பையைக் கொட்டிக் காட்டச் சொன்னார். பிள்ளைகளின் பெட்டிகளைத் திறந்தார், தலையணைகளை அமுக்கிப் பார்த்தார். வகுப்புக்குப் போகிறவர்களை நிறுத்தி விரலை முகர்ந்தார். ஒரு பையன் விரலில் இனிப்பு வாசனை அடித்தது. அரை நாள் விசாரணை நடந்தது. கடைசியில் அது கோந்து.

புரட்டாசியில் ஒரே ஒரு பிள்ளைக்கு எடை குறைந்திருந்தது. ஆறாம் வகுப்பு மீனலோசனி. வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். தவசிலிங்கம் அவளை இறக்கிவிட்டு, எடை இயந்திரத்தில் தானே ஏறிப் பார்த்தார். இயந்திரம் சரியாக இருந்தது. அப்படியென்றால் கோளாறு பெண்ணிடம்தான். அன்றிலிருந்து அவள் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனார்.

ஒரு நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும், மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பிடித்துவிட்டார். பாவாடை மடிப்புக்குள் உப்புமா, உருண்டை உருண்டையாக.

"இது என்ன?"

"உப்புமா சார்."

"யாருக்காக ஒளிச்சு வச்சிருக்கே?"

அவள் கொட்டகைக் கூரையைப் பார்த்தாள். அங்கே காக்கைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன.

"நடுவுல திங்கறதுக்கா? இல்ல வேற யாருக்காச்சும் கொடுக்கறியா?"

அவள் என்னவோ சொல்ல வந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒன்றைச் சொன்னால் சாரிடம் அதற்கு ஒன்பது கேள்வி இருக்கும் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

கையோடு அவளைச் சாமியிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"சாமி, கள்ளம் பிடிபட்டுப் போச்சு."

சாமி உப்புமாவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என்ன செய்யலாம்?"

"மதியப் பஸ்ல ஊருக்கு அனுப்பிடலாம். மறைச்சு எடுத்தவங்க யாரா இருந்தாலும் இங்க இருக்கக் கூடாது. ஒருத்தரை விட்டா திட்டமே பாழாப் போயிடும்."

மீனலோசனியின் அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. ஊருக்குப் போனால் அவளும் சூளைக்குத்தான் போவாள், பள்ளிக்கூடத்துக்கு இல்லை. அங்கே நின்ற மூன்று பேருக்கும் அது தெரியும். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தவசிலிங்கத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அங்க காக்கா இருந்துச்சா?" என்று கேட்டார் சாமி.

"இருந்துச்சு. ஏன் சாமி?"

"முன்னெல்லாம் எச்சில் தொட்டிகிட்ட இருக்கும். எங்க போச்சுன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

தவசிலிங்கத்துக்கு இப்போது சாமி மேலேயே சந்தேகம் வந்தது. கள்ளத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் காக்காயைப் பற்றிப் பேசுகிறாரே. வேண்டப்பட்ட பிள்ளையோ? தீனி இவர் கையிலிருந்தே போகிறதோ? நினைத்ததற்கு மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனாலும் நினைத்தார்.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்கு. நீங்க பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டிருக்கீங்களா, தவசிலிங்கம்?"

"நான் நின்னு மேற்பார்வை பாக்கறதோட சரி சாமி. எனக்கு ரூம்ல ரெண்டு கை மோர்சோறு போதும். வயசாச்சு."

"இன்னிக்கு இந்தப் பிள்ளை பக்கத்துல உட்காருங்க. நான் பரிமாறறேன்."

குரு கையால் சோறு. எந்தச் சீடன் வேண்டாம் என்பான்? இதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேதான் மதியம் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் அவர் எழுதிய சிவப்பு எழுத்து.

சாமி சோறு போட்டார். போதும் என்று தவசிலிங்கம் நினைத்த இடத்தில் அகப்பை நிற்கவில்லை.

"சாமி, கொஞ்சம் ஜாஸ்தி."

"எல்லாருக்கும் ஒரே அளவுதானே."

சாம்பார் வந்தது. கூட்டு வந்தது. சாப்பிட்டார். ரசத்துக்கு மறுபடியும் சோறு வந்தது. அதையும் சாப்பிட்டார். இடுப்பு வேட்டியைத் தளர்த்திக்கொண்டார். நெற்றி வேர்த்தது. பக்கத்து இலையில் மீனலோசனி தலை நிமிராமல் தின்றுகொண்டிருந்தாள். பிறகு தயிருக்குச் சோறு வந்தது.

தவசிலிங்கம் இலையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். தொண்டை வரைக்கும் நிறைந்திருந்தது. இலையை மடிக்க முடியாது, அதில் சோறு இருக்கிறது. எழுந்திருக்க முடியாது, எல்லாப் பிள்ளைகளும் அவரையே பார்க்கிறார்கள். போட்டதோ குருவின் கை. இப்படியொரு இக்கட்டில் பட்டாளத்தில்கூட அவர் மாட்டிக்கொண்டதில்லை.

சாமி அந்தக் கோடிக்குப் பரிமாறப் போயிருந்தார். தவசிலிங்கம் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். தோளில் கிடந்த துண்டு மடிக்கு இறங்கியது. ஒரு கவளம் தயிர்சோறு இலையிலிருந்து துண்டுக்குள் போனது. இன்னொன்றும் போனது.

"மடியில வைக்காதீங்க சார்," பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. மீனலோசனி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "எந்திரிக்கும்போது விழுந்திடும். துண்டைச் சுருட்டி இடுப்புல சொருகிக்கங்க. நான் சொல்ல மாட்டேன்."

தவசிலிங்கத்தின் காது சூடாகிவிட்டது. அவமானமாக இருந்தது. அவள் சொன்னபடியே சொருகிக்கொண்டார்.

நிமிர்ந்தபோது சாமி எதிரில் நின்றிருந்தார், கையில் அகப்பை நிறையச் சோறு. அவர் துண்டைப் பார்த்தாரா இல்லையா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. வாசலில் பஸ் ஹாரன் அடித்தது.

"பஸ் வந்துடுச்சு," என்றார் சாமி. "மறைச்சு எடுத்தவங்க யாரா இருந்தாலும் அனுப்பணும்னீங்க. யாரை ஏத்திவிடட்டும்?"

தவசிலிங்கத்தின் இடுப்பில் துண்டு ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

சாமி குனிந்து அகப்பையைச் சாய்த்தார். தவசிலிங்கத்தின் கை எழுந்து இலைக்கு மேல் குறுக்கே போய் நின்றது. அந்தக் கைக்கு நேர் எதிரே, அப்படிக் கை நீட்டக் கூடாது என்று சுவர் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனாலும் அவர் கையை எடுக்கவில்லை.

சாமி அகப்பையை நிமிர்த்திக்கொண்டார். வெளியே பஸ் இன்னொரு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது.

சாமி அடுத்த இலைக்கு நகர்ந்தார். அங்கே சோற்றைப் போடாமல், மீனலோசனியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"உனக்கு எவ்வளவு வேணும்மா?"