கடல் மர வட்டிலும் தானாபதியின் விரதமும்

கடலோரச் சீமை ஒன்றை உத்தண்ட ராசா ஆண்டுகொண்டிருந்தார். மோசமான ஆள் இல்லை. வாளெடுத்தால் பத்துப் பேரைச் சமாளிப்பார். வாய் நிறையப் புகழ்கிறவனை மட்டும் அவரால் சமாளிக்க முடியாது.

அப்படி ஒருவர் அரண்மனையிலேயே இருந்தார். ராசாவின் காரியங்களைப் பார்க்கும் தானாபதி திருமேனிநாதர். தினமும் சபை கூடியதும் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, "மகாராஜாவுக்காக நஞ்சை உண்ணவும் நான் தயார்" என்பார். உட்கார்ந்துவிடுவார். அத்தோடு அன்றைய வேலை முடிந்தது. இந்த மாதிரி ஆள் எங்கள் தெருவிலும் ஒருவர் உண்டு. பெயரைச் சொன்னால் அவருக்குப் பெருமையாகிவிடும், அதனால் சொல்ல மாட்டேன்.

ஓர் ஐப்பசிப் புயல் அடித்து ஓய்ந்தபோது, கரையில் பெரிய மரத்துண்டு ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. எந்தக் கப்பல் உடைந்து வந்ததோ, எந்தத் தீவில் முளைத்ததோ தெரியாது. வெட்டிப் பார்த்தால் உள்ளே கருஞ்சிவப்பு, இடையிடையே மஞ்சள் வரி. தேக்கு இல்லை, வேங்கை இல்லை, பலாவும் இல்லை. முகர்ந்தால் மிளகு வாசனை.

ராசாவுக்கு ஆசை வந்துவிட்டது. கடைசல்காரர் மாயக்கூத்தனைக் கூப்பிட்டார்.

"இதில் எனக்கு ஒரு வட்டில் கடைந்து கொடு. என் பிறந்த நாளன்று அதில்தான் சாப்பிடுவேன்."

"முன்பின் தெரியாத மரம், மகாராஜா. உளி வைத்தால் தெறிக்குமோ, காய்ந்தால் வெடிக்குமோ. நம் ஊர் மரத்திலேயே..."

"ஊர் மரத்தில்தான் ஊரே சாப்பிடுகிறதே. எனக்கு இதுதான் வேண்டும்."

மாயக்கூத்தன் மரத்தைக் கடைசல் பொறியில் மாட்டினார். மனைவி பூவாயி கயிற்றை இழுத்து இழுத்து அதைச் சுழற்ற, அவர் உளியை வைத்தார். உளி வழுக்கியது. தீட்டிக்கொண்டு வந்து மறுபடி வைத்தார். இந்தத் தடவை தூள் பறந்தது. இரண்டு பேரும் மாறி மாறித் தும்மினார்கள்.

"இது மரமா, மிளகாய் மூட்டையா?" என்றாள் பூவாயி.

"பேசாமல் இழு. ராசா வீட்டு மரம்."

"அப்படின்னா ராசாவையே வந்து இழுக்கச் சொல்லுங்க."

வட்டில் முடிந்தபோது மாயக்கூத்தனின் முகம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. ஆனால் வட்டில் அழகென்றால் அழகு. மஞ்சள் வரி உள்ளே சுற்றிச் சுற்றி ஓடியது. எண்ணெய் தேய்த்ததும் முகம் பார்க்கலாம் போல மின்னியது.

எல்லோரும் வட்டிலைப் பார்த்தார்கள். தானாபதி மட்டும் வீங்கிய முகத்தைப் பார்த்தார். காரணம் இருக்கிறது. குளத்தடியில் மாயக்கூத்தனுக்கு ஒரு மானிய வயல் இருந்தது. ராசாவின் அப்பா கொடுத்தது. அதற்கு இந்தப் பக்கமும் தானாபதியின் வயல், அந்தப் பக்கமும் தானாபதியின் வயல். நடுவில் கிடந்த அது மட்டும் நெடுநாளாக அவர் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

நேரே ராசாவிடம் ஓடினார். "மகாராஜா, அது விஷ மரம். கடைந்தவன் முகமே சாட்சி. தெரிந்தே உங்களுக்கு அதில் சோறு போடப் பார்க்கிறான். மானியத்தைப் பிடுங்கிக்கொண்டு ஊரைவிட்டுத் துரத்துங்கள். வயலை வேண்டுமானால் நான் பார்த்துக்கொள்கிறேன்."

ராசா கொதித்துப்போனார். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இருந்த ஒரே வயலும் போகிற நேரம்.

அப்போதுதான் சடையாண்டி எழுந்தார். ராசாவைச் சிரிக்க வைப்பது அவர் உத்தியோகம்.

"துரத்துவதற்கு முன்னால் விஷம்தானா என்று பார்த்துவிடுவோம், மகாராஜா. வட்டிலில் கொஞ்சம் தயிர்ச்சோறு போடச் சொல்லுங்கள்."

போட்டார்கள். "நானே சாப்பிடுகிறேன்" என்று மாயக்கூத்தன் முன்னால் வந்தார்.

"கூடாது" என்றார் தானாபதி. "மாற்று மருந்து குடித்துவிட்டு வந்திருப்பான்."

"நியாயமான பேச்சு" என்றார் சடையாண்டி. "மருந்து குடிக்காத ஆள் வேண்டும். மகாராஜாமேல் உயிரையே வைத்திருக்கிற ஆளாகவும் இருக்க வேண்டும். தானாபதி ஐயா, இப்படி வந்து உட்காருங்கள்."

சபை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது.

"எனக்கு இன்று சஷ்டி விரதம்" என்றார் தானாபதி.

"சஷ்டி முந்தாநாளே போய்விட்டதே, ஐயா."

"அன்று மறந்துவிட்டேன். அதற்குப் பதிலாக இன்று இருக்கிறேன்."

"அப்படியா? மீசையில் இன்னும் வெண்பொங்கல் நெய் மினுங்குகிறதே."

தானாபதி அவசரமாக மீசையைத் துடைத்தார்.

ராசாவின் முகம் மாறியது. "எனக்காக நஞ்சை உண்ணவும் தயார் என்று தினமும் சொல்வீரே. ஒரு கவளம் சோறு உண்ண மாட்டீரா?"

தானாபதி இன்னொரு தடவை மீசையைத் துடைத்தார். சடையாண்டி வட்டிலைக் கையில் எடுத்தார். ஒரு கவளம் போட்டுக்கொண்டார். இன்னொன்றும் போட்டுக்கொண்டார். "ஊறுகாய் உண்டா?" என்று கேட்டார். சபையே அவர் விழுவார் விழுவார் என்று பார்த்தது. அவர் வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டார்.

"தூள் மூக்கில் ஏறினால் முகம் வீங்கும், மகாராஜா. அவ்வளவுதான். சோறு நன்றாக இருந்தது."

"அப்படியானால் இந்த மனிதர் இத்தனை நாளும் என்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாரா?"

"ஐயையோ, அபாண்டம். ஐயா சொன்ன சொல் தவறாதவர். விஷத்தை உண்பேன் என்று எப்போதாவது சொன்னாரா? நஞ்சை உண்பேன் என்றுதானே சொன்னார்." சடையாண்டி திரும்பினார். "பூவாயி, குளத்தடியில் உங்கள் வயல் நஞ்சையா, புஞ்சையா?"

"நஞ்சைதாங்க. வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும்."

"அதைத்தான் மகாராஜா, ஐயா உண்ணத் தயாராக இருந்தார்."

ராசா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை சரிந்தது. மாயக்கூத்தனுக்கு வயலும் மிஞ்சியது, பட்டும் கிடைத்தது. சடையாண்டிக்கு ஒரு முத்துமாலை. "தானாபதிக்கு நஞ்சை செரிக்காது" என்று சொல்லி, அவருடைய குளத்தடி வயல்களை எடுத்துக்கொண்டு, மலையடியில் கள்ளி முளைத்த புஞ்சையைக் கொடுத்தார் ராசா. எனக்கு இதில் ரொம்பத் திருப்தி.

மறுநாள் சபை கூடியது. தானாபதி பழக்க தோஷத்தில் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, "மகாராஜாவுக்காக என் உயிரையும்..." என்று ஆரம்பித்தார்.

சடையாண்டி லேசாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"வணக்கம், மகாராஜா" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார் தானாபதி.