மூன்றாவது டம்ளர்

குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு அறுபத்தொன்று.

சீடர் பெயர் அருமைராஜ். மதுரையில் கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தே தலை நரைத்தவர். இப்போது மனிதருக்குப் புத்தி வேறு பக்கம் திரும்பியிருந்தது. இரைச்சலையும் கரகரப்பையும் வைத்துச் செய்கிற பரிசோதனை இசையைக் கற்றுக்கொள்ள நிலோபரிடம் வந்து சேர்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த இசையில் அவருக்கு முதல் மேடை. பழைய ஆர்கெஸ்ட்ரா கூட்டாளிகள் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பதற்குத் தயாராக இருந்தார்கள்.

அந்த மேடைக்காக வாங்கிய, மின்சாரத்தில் விதவிதமாகச் சத்தம் எழுப்பும் மூன்று சின்தசைசர் பெட்டிகளை அருமைராஜ் நிலோபரின் மாடிவீட்டு மேசைமேல் வைத்தார். கைக்கு அடக்கமானவை. மூன்றும் மலிவு விலைதான்.

"ஒண்ணை வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் சாயங்காலத்துக்குள்ள கடையில திருப்பிக் குடுக்கணும். எது நல்லதுன்னு சொல்லுங்க டீச்சர்."

"ஒவ்வொண்ணா வாசிங்க சார்" என்றபடி நிலோபர் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினாள்.

அருமைராஜுக்கு டீ கொதிக்கக் கொதிக்க உள்ளே இறங்க வேண்டும். பாட்டு நடுவில் டீ வந்தாலும் ஒரு கையால் வாசித்துக்கொண்டே மறு கையால் குடித்து முடிப்பார். இதற்காக அவரைக் கேலி செய்யாத பாடகர் மதுரையில் கிடையாது.

முதல் பெட்டியில் ஒரு கை, டம்ளரில் ஒரு கை.

"சுத்தமான சத்தம் டீச்சர். ஒரு பிசிறு கிடையாது."

டம்ளர் காலி. நிலோபர் மறுபடி ஊற்றினாள்.

"இந்த ரெண்டாவதுல இல்லாத வாத்தியமே இல்ல. வயலின் வேணுமா, இந்தா."

அந்த டம்ளரும் காலி. மூன்றாவது டீ வந்தது.

"இது வேண்டாம், சும்மா காட்டுறேன். சரியான தகர டப்பா. திருகைத் தொட்டாலே கர்ருங்குது, பாருங்க."

தொட்டார். கர்ரென்றது.

"விட்டா ஊளையிடுது."

விட்டார். ஊளையிட்டது.

"இந்த ரெண்டு கட்டையையும் சேர்த்து அமுக்கினா மூச்சு முட்டுது. மறுபடி அமுக்கினா வேற மாதிரி முட்டுது. என்ன கண்றாவி இது!"

மறுபடி அமுக்கினார். இன்னும் ஒருமுறை. இப்போது இரண்டு கைகளும் அதன்மேல்தான். கால் தானாகத் தாளம் போட்டது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, "மிக்ஸி ரிப்பேரா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். அது இவர் காதில் விழவே இல்லை.

ஒருவழியாகக் கையை எடுத்தபோது அவருக்கு வேர்த்திருந்தது. வாயெல்லாம் சிரிப்பு.

"பார்த்தீங்களா, வெறும் குப்பை! சரி டீச்சர், முதலாவதா, ரெண்டாவதா? எதை வச்சுக்கட்டும்?"

நிலோபர் மூன்றாவது டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். அதை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினாள்.

"டீ ஆறிப்போச்சு சார்."