மாசிலாமணி ஆற்றுக்குப் போன நாள்

காவிரிக் கரையில் ஒரு மடம். பெரிய மடம் இல்லை. யானை கிடையாது, பல்லக்கு கிடையாது. வழியோடு போகிற யார் வந்தாலும் இரண்டு வேளைச் சோறு உண்டு. அவ்வளவுதான் அதன் பெருமை.

அந்த மடத்துக்கு ஒரு விதி இருந்தது. அங்கே சாப்பிடுகிறவர் சாப்பாட்டைப் புகழவும் கூடாது, குறை சொல்லவும் கூடாது. மடத்தை ஏற்படுத்திய சாமியார் வைத்த விதி. நாக்கை அடக்கினால் மற்றதெல்லாம் தானே அடங்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். அவருக்குச் சமைத்துப் போட்டவர் நல்ல கைப்பக்குவக்காரராக இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கதை நடந்தபோது மடத்தின் தலைவி பூங்கோதை அம்மை. சமையல் பொறுப்பு அவருடைய சீடர் மாசிலாமணிக்கு. குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, சீடருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மை அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். குரு சீடனை அப்படிக் கூப்பிடலாமா என்று அவர் ஒருமுறை கூச்சத்தோடு கேட்டார். வயசுக்கு அண்ணன், பாடத்துக்குச் சீடன், இரண்டும் ஒன்றையொன்று இடிக்காது என்று அம்மை சொல்லிவிட்டார்.

மாசிலாமணி முன்பு கும்பகோணத்தில் மெஸ் வைத்திருந்தவர். மனைவி போன பிறகு கடையைத் தங்கை மகனிடம் கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்தார். தியானம், ஜெபம் என்று ஏதாவது கிடைக்கும் என எதிர்பார்த்தார். அம்மை அவரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, பசியோடு வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுங்கள், உங்களுக்கு அதுதான் தியானம் என்றார்.

அதை அவர் பிடித்துக்கொண்டார். உடும்புப்பிடி. அன்றிலிருந்து அவர் அடுப்படியை விட்டு வெளியே போகவில்லை. பொங்கல், தீபாவளி எல்லாம் அங்கேதான். தங்கை பேத்திக்குக் காதுகுத்து என்று வந்து அழைத்தார்கள். அடுப்பை யார் பார்ப்பது என்று கேட்டு அனுப்பிவிட்டார். காய் நறுக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொள்வார். காய்ச்சலில் படுத்த அன்றுகூட, பாயை அடுப்புப் பக்கத்தில் போட்டுத்தான் படுத்தார்.

மெல்ல மெல்ல அவர் சமையல் உப்புக் கரிக்க ஆரம்பித்தது.

அதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சாமியார் சமாதிக்குப் படைக்கும் முன்னால் சமைத்தவர் ருசி பார்க்கக் கூடாது என்பது வழக்கம். கையளவும் கொதிக்கிற வாசனையும்தான் கணக்கு. நன்றாகத் தூங்கி எழுந்த மனிதருக்கு அது போதும். மாசிலாமணியோ தூக்கம் போதாமல் அண்டாவுக்கு முன்னால் நின்று, உப்புப் போட்டோமா இல்லையா என்று யோசிப்பார். நினைவு வராது. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு கை போடுவார். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு, மிச்சம் இருப்பதையெல்லாம் ஒன்றாகப் பிசைந்து மோரை ஊற்றிக் கண் சொக்கியபடியே விழுங்குவார். அந்த நாக்கில் எதைப் போட்டாலும் ஒன்றுதான்.

வந்தவர்கள் விதியை மதித்து வாய் திறக்காமல் சாப்பிட்டார்கள். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார்கள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது பழமொழி. அந்த மடத்தில் சாப்பிட்டவர்கள் அடுத்த ஊர் போய்ச் சேரும்வரை மாசிலாமணியை நினைத்தபடிதான் நடந்தார்கள்.

பந்தி பரிமாறுகிறவர் குஞ்சிதபாதம். முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவர், அவரும் சீடர்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் அம்மையிடம் போய் நின்றார். விதியை ஒரே ஒரு தடவை தளர்த்தினால் என்ன, அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடலாமே என்றார்.

"அந்த மனுசனுக்கு இப்ப இந்தச் சோத்தத் தவிர வேற என்ன இருக்கு, சொல்லுங்க" என்றார் அம்மை.

குஞ்சிதபாதத்துக்கும் அது தெரியும். ஆனால் போன வாரம் மாசிலாமணி கொதிக்கிற சாம்பார் அண்டாவின் மேல் தூக்கத்தில் சாய்ந்ததையும், தாம் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்ததையும் அவர் சொன்னார். உப்பு கிடக்கட்டும், ஆளே போய்விடுவார் என்றார். 

ஆடிப்பெருக்கு வந்தது. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் தாராளமாக இறங்கியிருந்தது. முதல்நாள் மத்தியானம் மடத்தில் எல்லாரும் ஆற்றங்கரைக்குப் போவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். மாசிலாமணிக்கு அது பிடிக்கவில்லை. நேராக அம்மையிடம் வந்தார்.

"தொண்டு செய்யறவனுக்கு ஓய்வு எதுக்கும்மா? சோம்பேறித்தனத்துக்குத்தான் ஓய்வுன்னு நல்ல பேரு வெச்சிருக்காங்களா?"

அம்மை சிரித்தார். நாளைக்கு ஆற்றுக்குப் போய்விட்டு வாருங்கள், அப்புறம் பேசுவோம் என்றார்.

"நானா? அங்க போய் நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக்கூடாது. விளையாடிட்டு வாங்க. பொழுது சாயறதுக்கு முன்னாடி இந்த வாசப்படிய மிதிக்கக்கூடாது."

மாசிலாமணியின் முகம் சுண்டிப்போனது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"என்னைய வேணாங்கறீங்களாம்மா?"

அம்மைக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. இருந்தாலும் சாயங்காலம் வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

குருவின் சொல்லைத் தட்ட முடியாது. ஆனால் அடுப்பை இன்னொருவர் கையில் கொடுக்கவும் மனம் வரவில்லை. அதனால் விடிவதற்குள் எழுந்து அன்றைக்கு வேண்டிய புளியோதரை முழுவதையும் அவரே கிளறி வைத்துவிட்டார். இனி யாரும் அடுப்படிக்குள் கால் வைக்க வேண்டியதில்லை. தமக்கும் ஒரு வாழையிலைப் பொட்டலம் கட்டிக்கொண்டார். வாசலில் நின்ற அம்மை பொட்டலத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

ஆற்றங்கரையில் கூட்டம். பெண்கள் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். வாழைமட்டையில் விளக்கேற்றி ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் சின்னச் சின்ன மரச் சப்பரங்களை இழுத்துக்கொண்டு படித்துறைக்கும் சாலைக்குமாக ஓடினார்கள். மாசிலாமணிக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஒரு குடும்பத்துக்குப் பாய் விரித்துக் கொடுத்தார். இன்னொரு குடும்பத்துக்கு எலுமிச்சம்பழச் சாதம் பரிமாறப் போனார். அந்த வீட்டு அம்மாள் கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பெரியவரே, நல்ல நாளும் அதுவுமாக உட்காருங்கள் என்று அதட்டினாள்.

உட்கார்ந்தார். பக்கத்தில் ஒருவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கத் தயாராக இருந்தார். ரத்தினசபாபதி என்று பெயர், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது இருவருக்கும் ஏறக்குறைய ஒன்று. எதிரே தெரிகிற மணல்திட்டுவரை நீந்த முடியுமா என்று அவர் சும்மா கேட்டுவைத்தார். கேட்ட விதத்தில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது.

மாசிலாமணி சட்டையைக் கழற்றினார்.

தண்ணீர் முதலில் நடுக்கியது. பிறகு தோள் சின்ன வயசு நீச்சலை நினைவுபடுத்திக்கொண்டது. பாதி ஆற்றில் ரத்தினசபாபதி முந்தினார். மாசிலாமணி அவர் காலைப் பிடித்து இழுத்தார். அழுகுணி ஆட்டம் என்று அவர் கத்தினார். இரண்டு பேரும் மணல்திட்டில் போய் விழுந்து, மூச்சு வாங்க முடியாமல் சிரித்தார்கள். கரையில் ரத்தினசபாபதியின் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மாசிலாமணிக்கு ஏனோ கண்ணில் நீர் வந்தது. மனைவி போன பிறகு அவர் இப்படிச் சிரித்ததே இல்லை. மணலில் மல்லாந்து படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். அவர் எழும்வரை ரத்தினசபாபதி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

திரும்பிக் கரையேறியபோது அகோரப் பசி. ரத்தினசபாபதி வீட்டுத் தேங்காய்ச் சாதத்தை இவருக்கு வைத்தார்கள். அதன் தேங்காயும் கடுகும் நாக்கில் தனித்தனியாகத் தெரிந்தன. சாப்பாட்டுக்கு இவ்வளவு ருசி உண்டா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பதிலுக்குத் தம் பொட்டலத்தைப் பிரித்து வைத்தார். ரத்தினசபாபதி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார், மென்றார். பிறகு மரியாதையாக, ஒன்றும் பேசாமல், தண்ணீர்ச் சொம்பை எட்டி எடுத்தார்.

மாசிலாமணியும் ஒரு வாய் போட்டார்.

அவர் மெஸ் நடத்தியவர். இரண்டாவது வாய் தேவைப்படவில்லை. புளிக்காய்ச்சலில் உப்புப் போட்டதை மறந்து சாதத்திலும் போட்டிருக்கிறார் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. இன்னும் ஒன்றும் புரிந்தது. இதே மாதிரி சொம்பை எட்டி எடுத்தவர்களைப் பந்தியில் அவர் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். நடந்து வந்த களைப்பில் தாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ரத்தினசபாபதியின் மனைவி தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளக் கை நீட்டினாள். மாசிலாமணி இலையின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"வேணாம்மா. இது நான் செஞ்சது."

அவருக்கு உடனே மடத்துக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. பொழுது சாயவில்லை. படித்துறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டபடி வெயில் இறங்குவதற்காகக் காத்திருந்தார்.

மடத்துக்கு வந்தபோது கூடத்தில் பூங்கோதை அம்மை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையில் காலையில் கிளறிய அதே புளியோதரை. பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். மாசிலாமணி ஓடிவந்து இலையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். குருவின் இலையைச் சீடன் இழுக்கலாமா என்றெல்லாம் அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

"சாப்புடாதீங்கம்மா. எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

அம்மை கையை மடக்கிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். தலையில் மணல் ஒட்டியிருந்தது. முகம் வெயிலில் கறுத்திருந்தது.

"ஆத்துல தண்ணி எப்படிண்ணே?"

"நான் உப்பப் பத்திக் கேக்கறேன்."

"நான் தண்ணியப் பத்திக் கேக்கறேன்."

வேறு வழியில்லாமல் சொன்னார். மணல்திட்டைப் பற்றிச் சொன்னார், தபால்காரரின் காலைப் பிடித்து இழுத்ததைச் சொன்னார். தலையில் அடித்துக்கொண்ட அம்மாளைப் பற்றிச் சொல்லும்போது அவரையும் அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பரிமாறும் வாளியோடு வந்த குஞ்சிதபாதமும் அங்கேயே உட்கார்ந்து கேட்டார்.

சிரித்து ஓய்ந்ததும் மாசிலாமணி எழுந்துபோய் அடுப்படியிலிருந்து கரண்டியை எடுத்துவந்து அம்மையின் முன் வைத்தார். வந்தவர் போனவர் வயிற்றையெல்லாம் கெடுத்துவிட்டேன், இனி இதைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை என்றார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

அம்மை கரண்டியைத் தொடவில்லை. நாளைக்கும் நீங்கள்தான் சமைக்கிறீர்கள் என்றார். செவ்வாய்க்கிழமை தோறும் குஞ்சிதபாதம் சமைப்பார், அன்றைக்கு நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆனால் மடத்தில் இருக்கக்கூடாது என்றார். தமக்குச் சமையல் தெரியாதே என்றார் குஞ்சிதபாதம் பயந்துபோய். குறை சொல்லத்தான் யாருக்கும் அனுமதி இல்லையே என்று அம்மை அவரைத் தேற்றினார்.

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒன்று மட்டும் அவருக்கு ஆறவில்லை.

"நீங்களும் இதையேதானே தினம் தின்னீங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. விதிக்குப் பயந்துக்கிட்டா இருந்தீங்க?"

"விதி கெடக்குதுண்ணே" என்றார் பூங்கோதை அம்மை. "உப்புக் கூடுதலா இருக்குன்னு சொல்லியிருந்தா, மறுநாள்லேருந்து நீங்க இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி எந்திரிச்சிருப்பீங்க."