கடைவீதியை அடைத்த எருமைகள்

மருதமரக் காட்டில் குளத்தை ஒட்டி ஒரு கடைவீதி இருந்தது. குறுகலான வீதி. அதில் பாதியை எருமைகளே அடைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் காட்டில் யாருக்காவது கொஞ்சம் வசதி வந்துவிட்டால் போதும், அப்புறம் கால் தரையில் படாது. எங்கே போனாலும் எருமைச் சவாரிதான்!

அந்த வீதியில் மைனா புதிதாக நாவல் பழக் கடை போட்டது. பாவம், கடைக்கு நேர் முன்னால் ஒரு பெரிய எருமை. அங்கே ஒரு கடை இருப்பதே யார் கண்ணிலும் படவில்லை. முயல்கள் குட்டிகளோடு வீதி முனைவரை வரும். எருமைகளுக்கு நடுவே நுழையப் பயந்து அப்படியே திரும்பிவிடும்.

கூடை நிறையப் பழம் கிடந்தது. நாளைக்கு வைத்தால் அழுகிவிடும். இன்று விற்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். மைனாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிரே வாழைப்பழக் கடை வைத்திருந்த குரங்குதான் வியாபாரிகள் சங்கத் தலைவர். மைனா அதனிடம் பறந்து போனது.

"தலைவரே! இந்த எருமைகளைக் குளத்தங்கரையில நிறுத்தச் சொல்லுங்க!"

"நல்லா இருக்கே நியாயம்!" என்று குதித்தது குரங்கு. "எருமையில வர்றவங்கதான் நமக்கு வாடிக்கை! நடந்து வர்றவன் என்னத்த வாங்கிடப் போறான்? நிறுத்த இடம் இல்லேன்னா எல்லாரும் பக்கத்துக் காட்டுக்குப் போயிடுவாங்க. அப்புறம் நாம ஈ ஓட்ட வேண்டியதுதான்!"

"இப்ப மட்டும் என்ன ஓட்டறோமாம்?" என்று கேட்டது மைனா.

"தலைவர் சொன்னாச் சரிதான்!" என்று தேன் கடை நரியும் கடலைக் கடைக் கீரியும் ஒத்து ஊதின.

"சரி, அந்த வாடிக்கைக்காரங்க எங்கே?" என்றது மைனா.

எல்லோரும் வீதியைப் பார்த்தார்கள். எருமைகள்தான் நின்றன. வாங்க வந்தவர் ஒருவரும் இல்லை.

மைனா தன் கடை முன் நின்ற எருமையிடம் கேட்டது. "அண்ணே! உங்க மேல ஏறி வந்தது யாரு?"

"குரங்கு ஐயாதான்!" என்றது எருமை அசைபோட்டுக்கொண்டே. "கடை திறக்கும்போது இறங்குவாரு. சாத்திட்டுத்தான் ஏறுவாரு. அதுவரைக்கும் இங்கேயே நிக்கணும்."

"நான் நரி ஐயா வீட்டு எருமை!" என்றது அடுத்தது.

"நான் கீரி ஐயாவோடது!"

நரி வானத்தைப் பார்த்தது. குரங்கு தலையைச் சொறிந்தது.

"வெயில் கொளுத்துது, நாங்க குளத்துக்குப் போகட்டுமா?" என்று எருமைகள் கேட்டன. போங்க என்று குரங்கு கையை ஆட்டியது.

எருமைகள் கிளம்பியதும் வீதி திறந்துகொண்டது. முயல்களும் மான்களும் குட்டிகளோடு உள்ளே நுழைந்தன. பொழுது சாய்வதற்குள் மைனாவின் கூடை காலி! குட்டிகளின் நாக்கெல்லாம் ஊதா. குரங்குக் கடையிலும் ஒரு வாழைப்பழம் மிஞ்சவில்லை.

மறுநாள் காலை நரி பழக்க தோஷத்தில் எருமையோடு வீதிக்குள் நுழைந்தது. குரங்கு பாய்ந்து வந்து வழி மறித்தது.

"குளத்துப் பக்கம் ஓட்டுய்யா! இங்கே கொண்டுவந்து நிறுத்தினா ஜனங்க எப்படி வருவாங்க?"

தன் சௌகரியத்துக்காக வழியை அடைத்துக்கொண்டு, ஆள் வரவில்லையே என்று பிறர் மேல் பழி போடுவது அறிவீனம்.